பரங்கிமலை முக்கோணமும் இரண்டு பழைய கேமராக்களும்

யாஷிகா எலெக்ட்ரோ 35 வாங்கலாமா, கேனனெட் கியூஎல்17 வாங்கலாமா? ஃபிலிமில் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் சென்னையில் பம்மல், பல்லாவரம் பக்கம் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டும் ஜப்பான் நிறுவனங்களின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள். சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய மாமாவின் பெட்டியிலோ, பர்மா பஜார் கடை வழியாகவோ நம் வீடுகளுக்குள் வந்தவை. பேச்சு பெரும்பாலும் எந்த லென்ஸ் கூர்மை என்பதிலேயே சுற்றும். லென்ஸில் இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: தூரத்தை அளக்கும் அமைப்பு உயிரோடு இருக்கிறதா? பேட்டரி தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

தூரம் அளக்கும் வித்தையைப் புரிந்துகொள்ள பம்மல்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே தொடங்கி பெரும்பாக்கம் குன்று வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப விரித்து ஒரு நேர்கோட்டை அளந்தார். அதுதான் அடிக்கோடு. அதன் இரு முனைகளிலும் நின்று மூன்றாவதாக ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும். அங்கே காலடி வைக்காமலே அதன் தூரம் கணக்கில் வந்துவிடும். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை இப்படித்தான் நம் பக்கத்து மலையடியில் ஆரம்பித்து, ஐம்பது ஆண்டுகளில் இமயச் சிகரங்களின் உயரம் வரை போனது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் நெற்றியில் இருப்பதும் ஓர் அடிக்கோடுதான். நீளம் சில சென்டிமீட்டர், அவ்வளவே. ஒரு முனையில் நாம் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல், மறுமுனையில் இன்னொரு சின்ன ஜன்னல். சின்ன ஜன்னலில் நுழையும் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் இன்னொரு கண்ணாடியில் மோதி நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் வ்யூஃபைண்டரின் நடுவில், மஞ்சள் நிறமாக ஒரு சிறு கட்டத்துக்குள், எதிரே நிற்பவரின் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு நெம்புகோல் நகர்ந்து உருவங்களில் ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மூக்கும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது ஃபோகஸ் சரி. லென்ஸோடு இப்படி இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் லைக்கா கேமராவில் 1932இல் வந்தது.

எஸ்எல்ஆர் கேமராபோல இதற்குள் எழும்பி விழும் கண்ணாடி கிடையாது. படம் பதியும் கணத்திலும் பார்வை இருட்டாகாது, சத்தமும் மிகக் குறைவு. 1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் லைக்காவோடு திருவண்ணாமலைக்கு வந்து, ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாட்களில் படமெடுத்தார். அந்த நாட்களின் அமைதியைக் குலைக்காமல் வேலை செய்ய இந்த வகைக் கேமராவைவிடப் பொருத்தமானது அன்றைக்கு இருந்திருக்க முடியாது.

இனி கணக்கு. அடிக்கோடு 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டரில் இருப்பவருக்குக் கோணம் சுமார் 2.3 பாகை. இரண்டு மீட்டருக்கு அவர் தள்ளிப்போனால் அது பாதியாகிவிடும். வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் 10 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் இடையே கோணம் மாறுவது 0.11 பாகை மட்டுமே. ஆக, ரேஞ்ச்ஃபைண்டர் கிட்டத்தில் கில்லாடி, தூரத்தில் சுமார். இது குறையே இல்லை, ஏனென்றால் துல்லியம் தேவைப்படுவது கிட்டத்தில்தான். இந்தக் கேமராக்களின் எஃப் 1.7 அப்பர்ச்சரை முழுவதும் திறந்து ஒரு மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் 5, 6 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும்.

அளவுக் கருவிக்கு அடி பட்டால் முக்கோணமே பொய்யாகும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் லாம்டனின் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி அதன் வட்டம் நெளிந்துபோனது. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சீராக்கினார். உங்கள் கைக்கு வரும் கேமராவும் ஐம்பது வருடத்தில் எங்காவது விழுந்திருக்கும். அதனால் வாங்குவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போங்கள். லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்பி நிலாவைப் பாருங்கள். ஒரே நிலா தெரிந்தால் நல்லது. பக்கவாட்டில் இரண்டாகப் பிரிந்தால் ஃபோகஸ் தப்பாக விழும். மேலும் கீழுமாகப் பிரிந்தால் படம் கெடாது, பார்க்கத்தான் எரிச்சல். இரண்டையும் விவரம் தெரிந்த மெக்கானிக் திருகு திருப்பிச் சரிசெய்துவிடலாம். நடுக்கட்டமே மங்கி மறைந்துபோயிருந்தால், என்ன விலை சொன்னாலும் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேட்டரி. இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. எலெக்ட்ரோ 35 வரிசை 1966இல் வந்தது. பரவலாகக் கிடைக்கும் ஜிஎஸ்என் மாடல் 1973இல். அப்பர்ச்சரை நாம் வைத்தால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மின்சுற்று தீர்மானிக்கும். 30 வினாடி முதல் 1/500 வினாடி வரை இடையில் எந்த அளவும் வரும். வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் விளக்கு, கூடினால் சிவப்பு. மார்கழி விடியலில் கோலம், இரவில் தெருவிளக்கின் கீழே இட்லிக் கடை, இதற்கெல்லாம் அபாரமான கருவி. ஆனால் மின்சாரம் நின்றால் ஷட்டர் 1/500இல் மட்டும் அடிக்கும். மிச்ச வேகமெல்லாம் போய்விடும். ஃபிலிம் ஓட்டும் லீவரைத் திருப்பும்போது உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளே ஒரு ரப்பர் துண்டு கரைந்துவிட்டது, கேமராவைப் பிரித்தாக வேண்டும்.

கேனனெட் ஜி3 கியூஎல்17 பிறந்தது 1972இல். இதில் வேகத்தை நாம் வைக்கிறோம், அப்பர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. வளையத்தை 'ஆட்டோ'விலிருந்து எடுத்துவிட்டால் பேட்டரியே வேண்டாம்; 1/4 முதல் 1/500 வரை எல்லா வேகமும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் கொண்டே இயங்கும். வெளிச்சத்தைக் கண்ணால் கணித்தோ, கைபேசியில் ஒரு செயலி வைத்து அளந்தோ எடுக்கலாம்.

இரண்டுமே பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. பாதரசம் விஷம் என்பதால் அவை சந்தையிலிருந்து போய்விட்டன, போனது சரிதான். எலெக்ட்ரோவுக்கு 5.6 வோல்ட் வேண்டும். 6 வோல்ட் பேட்டரியை ஓர் இடைத்துண்டோடு போட்டால் ஓடும். கேனனெட்டுக்கு வேண்டியது 1.35 வோல்ட். அதில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் ஒளி அளக்கும் மீட்டர், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும், படம் இருண்டுபோகும். இதற்கு வழி காதுகேட்கும் கருவி விற்கும் கடையில் இருக்கிறது: 675 என்ற எண்ணுள்ள ஜிங்க் ஏர் பேட்டரி, 1.4 வோல்ட். அளவில் சிறியது, சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்த வேண்டும். காற்றுப் பட்டதும் வேலை செய்ய ஆரம்பிப்பதால் பயன்படுத்தாவிட்டாலும் நாளாக ஆகத் தீர்ந்துவிடும்.

நம் ஊருக்கென்று தனியாக ஓர் எதிரி உண்டு: ஃபங்கஸ். கடற்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை முளைத்து, அது கசியவிடும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போலத் தெரியும். குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை என்று பெயர் வந்த பகுதி நம் பக்கத்தில்தான் இருக்கிறது, தோல்மேல் நமக்கு அபிமானம் இருக்கலாம். இருந்தாலும் கேமராவைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அந்த உறைதான். காற்றுப் புகாத டப்பா, அதில் சிலிக்கா ஜெல், இது போதும்.

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடிய பிறகு ஃபிலிம் ரோலுக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். ஒவ்வொரு ஃபிரேமும் காசு. மின்சுற்றுப் பழுதால் ஒரு ரோல் முழுதும் வீணாவது புதிதாகத் தொடங்குபவரைச் சோர வைத்துவிடும். அதனால் என் தீர்ப்பு: முதல் கேமரா வாங்குகிறவர்கள் கேனனெட்டையே வாங்குங்கள். இரவுப் படங்களில் ஈடுபாடு உள்ளவர்களுக்கும், நல்ல நிலையில் ஓர் எலெக்ட்ரோ வீட்டிலேயே இருப்பவர்களுக்கும் மட்டும் யாஷிகா. பரணில் இவற்றில் ஒன்று கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி உள்ளே கசிந்திருந்தால், கேமராவைக் கொல்வது அதுதான்.