திரைப்படமும் இசைப்பாடலும்

இயலும் இசையும் நாடகமும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தவை என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தக்க சான்றாகும். மாதவியின் ஆடலுக்கு ஆடலாசான் மட்டும் போதவில்லை. இசையாசானும், பாட்டியற்றும் புலவனும், தண்ணுமை, குழல், யாழ் என்பவற்றில் வல்லோரும் வேண்டப்பட்டனர். இம்மரபில் வந்த தமிழ் மக்கள் பாட்டில்லாத நாடகத்தை நாடகமெனக் கொள்ளாமை வியப்பன்று. திரைப்படம் தோன்றியபோதும் இவ்வியல்பு மாறவில்லை. ஆயினும், திரைப்படத்தாற் பாட்டு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. இவற்றின் தொடர்பு வளர்ந்த வரலாறே இதற்கு விடை தரவல்லது.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களிற் கதையை நடத்திச் சென்றது பாட்டே. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் முதலியோரின் மேடைப் பாடல்கள் இசைத்தட்டுகள் வாயிலாக வீடுகளையும் அடைந்தன. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் திகதி வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதற் பேசும்படம் இம்மேடையின் தொடர்ச்சியே. அதில் ரி. பி. இராஜலட்சுமி தியாகராஜர் கீர்த்தனங்களையும் தேசியப் பாடல்களையும் பாடினார். கதைக்கும் பாட்டுக்கும் பொருத்தம் வேண்டுமென்னும் எண்ணம் அன்று வலுப்பெறவில்லை.

அக்காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தமையாற் குரல்வளம் உடையவரே கதாநாயகராயினர். 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திற் பின்னணி பாடும் முறை கையாளப்பட்டது. இம்முறை பரவியதும் முகம் ஒருவருக்கும் குரல் மற்றொருவருக்கும் உரியனவாயின. பாட்டு முதலில் ஒலிப்பதிவு செய்யப்பட, நடிகர் பின்னர் அதற்கேற்ப வாயசைத்தார். இவ்வாறு காட்சியைப் பாட்டு முந்திக்கொண்டது. காட்சியினின்று பிரிந்து தனித்து வாழும் ஆற்றலும் அதற்கு உண்டாயிற்று.

1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலும் பாபநாசம் சிவனின் பாடல்களும் அவ்வெற்றிக்குப் பெருந்துணையாயின. அப்படத்தின் பாடலொன்றினாற் சாருகேசி என்னும் இராகம் சபைகளை அறியாத மக்களுக்கும் பழக்கமாயிற்று. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' இதனினும் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1921இல் மறைந்த பாரதியாரின் பாடல்களை டி. கே. பட்டம்மாள் அதிற் பாடினார். நூலைப் படித்தறியாதாரும் அப்பாடல்களைச் செவிவழி உணர்ந்தனர். ஏட்டிலிருந்த கவிதையை ஊரார் நாவில் ஏற்றிய பெருமை திரைக்கு உண்டு.

திரைப்பாடல் பரவியதில் இலங்கைக்கும் பங்குண்டு. பி. வி. கேஸ்கர் இந்திய ஒலிபரப்பு அமைச்சராயிருந்தபோது, சாஸ்திரீய சங்கீதத்தைக் காக்கும் நோக்குடன், 1952இல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரத்தைக் குறைத்தார். பின்னர் அவை நின்றே போயின. கேட்போர் பாட்டைக் கைவிடவில்லை. இலங்கை வானொலியை நாடினர். உலகப் போர்க் காலத்திற் படையினருக்காக நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்பிகள் கொழும்பின் ஒலியைக் கடல் கடந்தும் செலுத்தின. ஈற்றில் 1957இல் 'விவித பாரதி' சேவையைத் தொடங்கி, இந்திய வானொலியும் திரைப்பாடல்களுக்கு இடமளித்தது. மக்கள் விரும்பும் பாட்டை ஆணையால் அடக்கவியலாது என்பது இதனாற் புலனாயிற்று.

ஆயின், மக்கள் விருப்பம் ஒன்றே உயர்வுக்கு அளவுகோலாகுமா? ஆகாது. படத்தின் ஆரவாரத்தோடு எழுந்து அதனோடு மடிந்த பாடல்கள் எண்ணில. படம் மறக்கப்பட்ட பின்னரும் வாழும் பாடல்கள் சில. 1959இல், முப்பது வயதும் நிரம்பாத நிலையில் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரனாரின் பாடல்கள் இவ்வகையின. திரைக்கதை மாந்தருக்கென எழுதப்பட்ட அவற்றில் உழைப்பாளியின் துயரும் நம்பிக்கையும் எளிய சொல்லில் அமைந்தமையின், காட்சியை அறியாதாரும் அவற்றைத் தமதாகக் கொண்டனர்.

எனவே, திரைப்படம் பாட்டைத் தானே உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. அது பாட்டைச் சுமந்து செல்லும் ஊர்தி. ஊர்தி நின்ற இடத்திலும் பாட்டை நடக்கச் செய்வன பொருளும் பண்ணுமேயாம். இவற்றை ஆராய்ந்து நல்லதைத் தேர்ந்து போற்றுதல் கேட்போர் கடனாகும்.