கொக்கி மாட்டிய பிறகே அடுத்த அடி

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்புக்காக உயரத்தில் ஏறும் தொழிலாளியின் சேஃப்டி பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான். ஒன்பது முறை விண்வெளியில் நடந்து, மொத்தம் 62 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த சுனிதா வில்லியம்ஸும் இப்படித்தான் நகர்ந்தார்.

மூச்சு எங்கிருந்து வருகிறது?

விண்வெளி உடையின் முதுகுப் பெட்டியில் ஆக்சிஜன் தொட்டிகள் உள்ளன. உடைக்குள் இருப்பது தூய ஆக்சிஜன். அதன் அழுத்தம் தரைமட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அழுத்தம் கூடினால் உடை விறைத்து, விரலை மடக்குவதே பெரும்பாடாகிவிடும். குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகாமலிருக்க, வெளியேறுமுன்பே தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை உடலிலிருந்து வெளியேற்றுகிறார்கள். வெளிவிடும் கரியமில வாயுவை ஒரு வடிகட்டி உறிஞ்சிக்கொள்ளும். அவசரத்துக்கு, சுமார் அரை மணி நேரம் தாங்கும் தனி ஆக்சிஜன் இருப்பும் உண்டு.

உடல் சூடு என்னாகும்?

மூடிய உடைக்குள் வியர்வை காய வழியில்லை. அதனால் உள்ளாடையில் சுமார் 90 மீட்டர் நீள மெல்லிய குழாய்கள் தைக்கப்பட்டு, அவற்றில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. அது சேர்த்துவரும் வெப்பத்தை, முதுகுப் பெட்டியிலுள்ள பனிக்கட்டி ஆவியாகி வெளியேற்றிவிடும்.

பிடி நழுவினால்?

இடுப்பிலிருந்து செல்லும் எஃகுக் கம்பி வீரரை நிலையத்தோடு பிணைக்கிறது. வேலை செய்யும் இடத்தில் குட்டைக் கயிறு ஒன்றையும் மாட்டிக்கொள்வார்கள். இரண்டும் கைவிட்டால், முதுகிலுள்ள 'சேஃபர்' கருவி நைட்ரஜனைப் பீய்ச்சி அவரைத் திரும்பக் கொண்டுவரும்.

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூகா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிரூட்டும் அமைப்பின் நீர் புகுந்தது. கண்ணையும் மூக்கையும் நீர் மூடியபோது, அந்தக் கம்பியின் இழுவிசையை உணர்ந்தே அவர் வாசலுக்குத் திரும்பினார். நடை பாதியிலேயே நிறுத்தப்பட்டது; உயிர் தப்பியது.

சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்ளிட்ட நால்வர் இந்தியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் அணியப்போவது கலத்துக்குள் பாதுகாப்புத் தரும் உடை. வெளியே நடப்பதற்கானது அல்ல. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்க இந்தியா இலக்கு வைத்துள்ளது. அதைப் பழுதுபார்க்க ஆட்கள் வெளியே போயாக வேண்டும். எனவே விண்வெளி நடைக்கான உடை பற்றிய ஆய்வை இப்போதே முடுக்கிவிடுவதுதான் சரி.