பாலைவனத்துப் பையைப் பிரிக்கிறேன், வாங்க!

காலை மணி 4.45. அரிசோனாவில், டூசான் நகருக்கு வெளியே, நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு வெண்டைப் பாத்திக்குள் நிற்கிறேன். கண் பாதிதான் திறந்திருக்கிறது. கை மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு காயின் நுனியை ‘டக்’கென்று ஒடித்துப் பார்த்துவிட்டது. பண்ணைக்காரர் திரும்பினார். “பங்குக்குப் போற காயை ஏம்மா ஒடிக்கிறே?” இருபது வருஷமாகக் காய்கறிக் கடையில் நடத்திவரும் ஆராய்ச்சி என்று அவருக்கு எப்படிப் புரியவைக்க! ஒடித்ததைப் பச்சையாகவே தின்றுவிட்டேன். தடயம் காலி.

நான் கூலிக்கு வந்தவள் இல்லை, பங்குக்காரியாக்கும்! சீசன் தொடங்கும் முன்பே பணம் கட்டியாகிவிட்டது. அதை வைத்து அவர் விதை, தண்ணீர், ஆள்கூலி எல்லாம் பார்த்துக்கொள்வார். விளைந்ததில் வாரம் ஒரு பை எனக்கு. விளையாவிட்டால்? அதிலும் எனக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் ஆரம்பித்த ஏற்பாடு இது. ஜப்பானில் அதற்கும் முன்பே, 1970-களிலேயே, ‘தெய்கெய்’ என்ற பெயரில் நடந்திருக்கிறது. அதெல்லாம் சரி, அவை மழை பெய்கிற ஊர்கள். டூசானில் வருஷம் முழுக்கப் பெய்வதே 28 செ.மீ. அளவுக்குத்தான், சென்னை மழையில் ஐந்தில் ஒரு பங்கு. “பாலைவனத்துல காய்கறிக்கு அட்வான்ஸா? பையில மணலைப் போட்டுக் குடுப்பாங்க, பாரு” என்றார் வீட்டுக்காரர்.

அவருக்குத் தெரியாத ரகசியம், இங்கே காலண்டரே தலைகீழ். முள்ளங்கியும் கேரட்டும் வருவது குளிர்காலத்தில். கோடையில் வெண்டை, காராமணி, மிளகாய், முலாம்பழம். இந்த மண்ணில் 4,000 வருஷமாக விவசாயம் நடக்கிறது; 3,000 வருஷத்துக்கும் பழைய வாய்க்கால்களைத் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2015-ல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. அமெரிக்காவில் அந்தப் பட்டத்தை முதலில் வாங்கிய ஊர் இதுதான்!

வெளிச்சம் வந்ததும் முலாம்பழக் கொடிக்கு மாற்றினார்கள். வெட்டக்கூடாது, இழுக்கவும் கூடாது. காம்பு சேருமிடத்தைக் கட்டைவிரலால் லேசாக நெருடினால், பழுத்தது தானாகவே கொடியை விட்டுக் கையில் வந்துவிடும். முதல் பழம் அப்படி வந்தபோது கத்திவிட்டேன்! அடுத்த மூன்றும் அசைய மறுத்தன. நான்காவதை அவசரப்பட்டுப் பிய்த்தேன், காய். அது பையில் போகாது, பிய்த்தவர் வீட்டுக்குத்தான் போகும் என்று தீர்ப்பு. (கூட்டு வைத்தேன். சுமாராக இருந்தது.)

ஏழரைக்கெல்லாம் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடுகிறோம். ஆகஸ்ட் வெயிலில் பறித்த கீரை அரைமணி நேரம் வெளியே கிடந்தால் துணியாகிவிடும். ஐஸ் மிதக்கும் தொட்டியில் கட்டுக் கட்டாக முக்கி, ஈரச்சாக்கைப் போர்த்திக் குளிர் அறைக்கு அனுப்புகிறார்கள். அந்த அறைக்குள் கிரேட் தூக்கிப் போகிற வேலைக்கு மட்டும் ஆளாளுக்குப் போட்டி!

பண்ணையின் ஒரு மூலையில் தண்ணீர் விடாமல் ஒரு பாத்தி. டெப்பரி பீன்ஸாம். இந்தப் பாலைவனத்தின் சொந்தக்காரர்களான தோஹோனோ ஓ’ஓதம் மக்களின் பயறு. கோடை மழையில் ஒன்றிரண்டு கிடைத்தால் போதும், காய்த்துவிடும். செல்லம் கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சினால் இலையாகத் தழைத்துவிட்டுக் காயில் கஞ்சத்தனம் காட்டும். வெயில் ஏற ஏற அதன் இலைகள் சூரியனுக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு திரும்பி நிற்பதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அத்தனை இலையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது! நகரத்துக்கோ, கொலராடோ ஆற்றிலிருந்து 540 கி.மீ. கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அந்த ஆறே வற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பயறைப் பார்த்தபிறகு குழாயைத் திறக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஊருக்குள் பங்கு வாங்கும் இடம். பையைக் கட்டி யாரும் நீட்டமாட்டார்கள். பலகையில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து நாமே எடை போட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். போன வாரம் ஆலங்கட்டி மழை சுரைக்காய் இலைகளைச் சல்லடையாக்கிவிட்டதால் பலகையில் ஒரு வரி குறைவு. யாரும் முணுமுணுக்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் லேசாக.

கடைசியில் இருக்கிறது என் சொர்க்கம்: மாற்றுக் கூடை. வேண்டாததைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுக்கலாம். எட்டிப் பார்க்கிறேன், கூடை நிறையப் பருப்புக்கீரை! மழைக்குத் தானாக முளைப்பது. மெக்சிகோக்காரர்கள் ‘வெர்தொலாகாஸ்’ என்று ஆசையாகச் சமைப்பார்கள். மற்றவர்கள் ‘களை’ என்று கழித்துக்கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டு மூன்று கட்டு அள்ளிக்கொண்டேன். இப்படியொரு வியாபாரத்தை ஆயுளில் செய்ததில்லை!

வாசலில் மிளகாய் சுடும் டிரம். கம்பிவலை உருளைக்குள் பச்சை மிளகாயைக் கொட்டி, அடியில் கேஸ் ஜுவாலையைச் சீறவிட்டுச் சுழற்றுகிறார்கள். தோல் பொசுங்கிப் பறக்கிறது. தெருவே மணக்கிறது, வரிசையே தும்முகிறது.

பக்கத்து மேசையில் பழுப்பாக ஒரு மாவு. மெஸ்கீட். முகர்ந்தால் அசல் கருப்பட்டி வாசம்! எந்த மரம் என்று கேட்டு, இலையையும் பார்த்தபிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. நம்ம சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட அக்கா! மழைக்கு முன்னால், ஜூனில் நெற்றுகளைப் பறித்துக் காயவைத்து, கல் மாதிரி இருக்கும் விதையோடு சேர்த்து மில்லில் அரைத்துவிடுகிறார்கள்.

ராமநாதபுரத்துக்குப் போன் போட்டேன்.

“கோர்ட்டே வெட்டச் சொன்ன மரத்தைக் காசு குடுத்தா வாங்குன?” என்றாள் அம்மா.

“தோசை சுட்டேம்மா. வெல்லமே போடல, அதுவா இனிக்குது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அதான பாத்தேன். அந்த நெத்தக் கண்டா நம்ம ஆடுக ஏன் அந்த ஓட்டம் ஓடுதுன்னு.”