கால் தளர்ந்தால்... கொரிய வைத்தியம் கைகொடுக்குமா?

நடக்கையில் செருப்பு தானாகக் கழன்று விழுகிறது. படியேறக் கால் எழ மறுக்கிறது. வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் 'வாதம்' என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருந்துவிடுகிறோம். ஆனால் கோளாறு காலில்தான் என்றில்லை. முள்ளந்தண்டினுள்ளே செல்லும் முண்ணாணை விலகிய தட்டோ, கட்டியோ, காசநோயோ, அழற்சியோ தாக்கினாலும் கால்கள் பலமிழக்கும்.

கைகால் தளர்ந்து வாடுவதைக் கொரிய நாட்டுப் பாரம்பரிய வைத்தியம் 'வி' என்று அழைக்கிறது. அரச வைத்தியர் ஹோ ஜுன் 1610இல் எழுதி முடித்து, 1613இல் அச்சேறிய 'தொங்குய் போகம்' அவ்வைத்தியத்தின் தலையாய நூலாகும். 2009இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

'தளர்ந்த காலுக்கு முதலில் வயிற்றைத் தேற்று' என்பது இவ்வைத்தியத்தின் பழைய விதி. உண்டது செமித்தால்தான் தசைக்கு வலுச் சேரும் என்பது அதன் கருத்து. எனவே வயிற்றோடு தொடர்புடையதாகக் கருதப்படும், முழங்காலுக்குக் கீழுள்ள இடத்தில் மெல்லிய ஊசி குத்துகிறார்கள். மாசிப்பத்திரி இனச் செடியின் உலர்ந்த இலையை எரித்துச் சூடு காட்டுகிறார்கள். கஷாயமும் உண்டு. அதில் சேரும் 'ஊசுல்' எனும் வேரின் பெயருக்கு 'மாட்டு முழங்கால்' என்பது பொருள். செடியின் கணுக்கள் அவ்வாறு புடைத்திருக்கும். நம் வேலியோர நாயுருவியும் இதே இனந்தான்.

கொரியாவில் இவ்வைத்தியர்கள் ஆறு வருடம் பயின்று அனுமதிப்பத்திரம் பெறுகின்றனர். 1987 முதல் அரச சுகாதாரக் காப்புறுதியும் இதற்குண்டு. சியோலின் கியுங் ஹீ பல்கலைக்கழக வைத்திய நிலையத்தில் இருவகை வைத்தியமும் ஒருங்கே நடைபெறுகின்றன.

பலன் என்ன? சிலர் தேறியதாக வைத்திய அறிக்கைகள் உள்ளன. ஆனால் நசுங்கிய முண்ணாணை ஊசியோ கஷாயமோ விடுவிக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. அதற்குச் சத்திர சிகிச்சையே தேவைப்படலாம். தாமதித்தால் இழந்த பலம் திரும்பாமலே போகலாம். எனவே முதலில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை, காரணம் தெரிந்த பின், வைத்தியரின் சம்மதத்துடன் துணைச் சிகிச்சை. இதுவே சரியான ஒழுங்கு.

இவற்றை மனதிற் கொள்ளுங்கள்:

* கால் திடீரெனத் தளர்ந்தால், சிறுநீர், மலம் அடைபட்டால் அல்லது தன்னையறியாமல் போனால், இடுப்புக்குக் கீழ் மரத்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

* மரத்த காலில் சூடு வைக்க விடாதீர்கள். சுட்டாலும் தெரியாது, புண்ணாகிவிடும்.

* முண்ணாண் நசுங்கியிருக்கையில் கழுத்தையோ முதுகையோ திருகி நெட்டி முறிப்பது ஆபத்து.

* கர்ப்பிணிகளுக்கு 'ஊசுல்' கஷாயம் ஆகாது.

எந்த வைத்தியமாயினும் உடற்பயிற்சிச் சிகிச்சை அவசியம். நோயாளியைத் தினமும் எழுப்பி நடக்கப் பழக்குவதும், படுத்திருப்போரைப் புரட்டிப் படுக்கைப்புண் வராமற் காப்பதும் வீட்டாரின் கையிலேயே உள்ளன.