பழைய காரின் பின்பக்க ஸ்பிரிங்: மூன்று சோதனைகள்

ஆரம்பகால கார்கள் என்றாலே எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு ஆர்வம் பின்பக்க ஸ்பிரிங்கில். ஏன் பின்பக்கம்? முன்னால் எஞ்சினின் எடை பெரிதாக மாறாது. பின்னால் அப்படி இல்லை. ஓட்டுபவர் தனியாகப் போனால் ஒரு எடை, மூன்று பேரும் பெட்டிகளும் ஏறினால் வேறு எடை. அதோடு, பல கார்களில் பின் அச்சைப் பிடித்து வைத்திருந்ததும் இதே ஸ்பிரிங்தான். மெயின் பட்டை உடைந்தால் அச்சே விலகிவிடும்.

நம்ம வில்வண்டிக்குப் பெயர் கொடுத்த அதே பட்டை ஸ்பிரிங்தான் காருக்கும் வந்தது. ஃபோர்டு மாடல் டி (1908–1927) காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் குறுக்குவாட்டில்.

முதல் சோதனை, தாழ்வு. ஸ்பிரிங் அமுங்கும்போது நீளும் என்பதால் இரு முனைகளையும் உருளைகள் மேல் வைக்க வேண்டும். எடையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தாழ்வை அளந்து, பிறகு அதேபோல் இறக்க வேண்டும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றாக வராது. காரணம், பட்டைகளுக்கு இடையே உள்ள உராய்வு. ஷாக் அப்சார்பர் இல்லாத கார்களில் குதிப்பை அடக்கியது இந்த உராய்வுதான்.

தாழ்வு தெரிந்தால் குதிப்பும் தெரியும். உராய்வை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 5 செ.மீ. தாழ்வுக்கு விநாடிக்குச் சுமார் 2.2 முறை, 10 செ.மீ.க்கு 1.6; 25 செ.மீ.க்கு 1. காலி வண்டி ஏன் உதறுகிறது என்று இப்போது புரிகிறதா?

இரண்டாவது, நிரந்தர வளைவு. வேலை எடையைவிட அதிகமாக அமுக்கி விட வேண்டும். முதல் தடவை உயரம் கொஞ்சம் குறையலாம். அடுத்தடுத்த தடவைகளில் குறையக்கூடாது. குறைந்தால் எஃகோ, அதைப் பதப்படுத்திய விதமோ சரியில்லை.

மூன்றாவதுதான் உயிர்ப் பிரச்சினை: சோர்வு. 1842இல் வெர்சாய் ரயில் விபத்துக்குக் காரணம், எஞ்சினின் அச்சு ஒடிந்தது. அதன்பின் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சோதித்து, ஒரு தடவை தாங்கும் எடையைவிடக் குறைந்த எடையே பலமுறை வந்தால் உலோகம் உடையும் என்று காட்டினார். ஸ்பிரிங்குக்கும் இதே கதிதான். அதனால் உடையும்வரை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு பழைய ஸ்பிரிங் என்றால் உடைத்துப் பார்க்க முடியாதே! பட்டைகளைப் பிரித்து, நடு போல்ட் துளையைச் சுற்றியும், வளைவின் உட்பக்கத்திலும் விரிசல் தேடுங்கள். எடை ஏறும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான். இன்றைக்கு எடையைத் தாங்கியது என்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை.