திறவுகோலா, திரையா? - மனமயக்கப் பண்பாடு குறித்து ஒரு நோக்கு

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டுபவர் அதைப் பற்றிய தமது தீர்ப்பையும் அப்பெயருக்குள்ளேயே வைத்துவிடுகிறார். எல்.எஸ்.டி., மெஸ்கலின் போன்ற மனமயக்கப் பொருள்களைக் குறிக்க, ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1957ஆம் ஆண்டு 'சைக்கெடெலிக்' என்னும் சொல்லை அறிவுலகின் முன் வைத்தார். இரு கிரேக்கச் சொற்களின் கூட்டான அதற்கு 'மனத்தை வெளிப்படுத்துவது' என்பது பொருள். அரபு மொழியோ மதுவுக்குக் 'கம்ர்' என்று பெயரிட்டது. அதன் வேர்ச்சொல் மூடுதலைக் குறிக்கும். பெண்கள் தலையை மூடும் 'கிமார்' அதே வேரில் பிறந்ததாகும். அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்ற கருத்தை உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பொருள்கள் வேறு எனினும், போதையை ஒரு சாரார் திறவுகோல் என்கின்றனர். மறு சாரார் திரை என்கின்றனர். இவ்விரு பெயர்களுக்கும் இடையிலான வழக்கையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

இது மேலை நாட்டு விவகாரம், வேப்பந்தட்டைக்கும் வி.களத்தூருக்கும் இதில் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். பச்சைமலை அடிவாரத்துக் கரிசல் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கோவையிலும் பெங்களூரிலும் படிக்கிறார்கள். விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறார்கள். அங்கே மழைக்குப் பின் மேய்ச்சல் நிலங்களில் முளைக்கும் போதைக் காளான் பற்றி நம்மிடம் கேட்கும் இளைஞர்கள், "இது சாராயமல்ல; மண்ணில் தானாக முளைப்பது; நீதிமன்றமே இதைப் போதைப்பொருள் அல்ல என்று சொல்லிவிட்டதாமே?" என்று வாதத்தோடு வருகிறார்கள். 'ஹராம்' என்ற ஒற்றைச் சொல்லால் அவர்களை அனுப்பி வைப்பது எளிது. ஆயின் கேள்வி அப்படியே நிற்கும்.

முதலில் நீதிமன்றச் செய்தி. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், இக்காளானில் உள்ள சிலோசைபினைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்தபோது, இயற்கையாக முளைக்கும் காளானைக் 'கலவை' எனக் கருத இயலாது என்று கூறியது. பிடிபட்ட காளானின் மொத்த எடை வேறு, அதிலுள்ள சிலோசைபினின் அளவு வேறு என்பதே அதன் சாரம். தண்டனையின் அளவு பற்றிய இந்நுணுக்கத்தை உண்பதற்கான அனுமதிச் சீட்டாக வாசிப்பது பாமரத்தனம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற சுவிஸ் வேதியியலாளர் 1938இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், அதன் மயக்க ஆற்றல் அவருக்குத் தெரியவந்தது 1943 ஏப்ரலில். அதன் மூலப்பொருள் 'ரை' என்னும் தானியக் கதிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சை. நம் மானாவாரிக் கம்பில் வரும் தேனொழுகல் நோயும் இவ்வினப் பூஞ்சையின் வேலைதான்; அதன் நஞ்சு வேறு வகையினது. விதைக்கும் முன் கம்பை உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் நோய்வித்துக்களை அகற்றும் வழக்கத்தை நம் உழவர்கள் அறிவர். உழவர் நஞ்சென்று அகற்றுவதற்கு ஒப்பான ஒன்றை வேறொரு சமூகம் ஞானமென்று தேடிப் போனது.

அந்தத் தேட்டத்தின் முதல் பலி ஒரு மூதாட்டி. மெக்ஸிகோவின் மசாதெக் பழங்குடியைச் சேர்ந்த மரியா சபீனா, நோயுற்றோரைக் குணப்படுத்தும் இரவுச் சடங்குகளில் காளானைப் பயன்படுத்தி வந்தார். அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசன் அச்சடங்கில் கலந்துகொண்டு, 1957இல் 'லைஃப்' இதழில் கட்டுரை எழுதினார். பின்னர் ஊருக்குள் அந்நியர் கூட்டம் பெருகிற்று. சபீனாவின் வீடு எரிக்கப்பட்டது. சொந்த மக்களே அவரைப் பழித்தனர். 1985இல் அவர் வறுமையில் இறந்தார். சடங்கைச் சமூகத்திலிருந்து பிரித்தெடுத்தால் எஞ்சுவது சரக்கு மட்டுமே. இன்று கொடைக்கானலிலும் காளான் விற்றுச் சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் உள்ளூர் ஏழை. அனுபவத்தை வாங்கிச் செல்கிறவர் வெளியூர்ப் பயணி. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்தும் மாநிலம் இது என்பதையும் இவ்விடத்தில் நினைவில் கொள்ளலாம். எந்தப் போதை குற்றம், எந்தப் போதை வருவாய் என்பதை மருத்துவம் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

இந்த இடத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்கள் நமக்குத் துணை வருகின்றனர். அவர்களது மார்க்சியப் பின்னணியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கிரேக்கத் தர்க்கத்தையே கற்றுச் செரித்த மரபு நம்முடையது. ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1947இல் வெளியிட்ட 'அறிவொளியின் இயங்கியல்' நூலில் ஹோமரின் ஒரு கதையை ஆராய்கிறார்கள். தாமரை உண்போர் தீவில் இறங்கிய ஒடிஸியஸின் மாலுமிகள் அதை உண்டு ஊரை மறக்கின்றனர். தலைவன் அவர்களை வலிந்து இழுத்துக் கப்பலில் கட்டுகிறான். தாமரை தரும் இன்பம் மெய்யானதன்று, துன்பத்தை உணராதிருக்கும் மந்த நிலை மட்டுமே என்கின்றனர் இவ்வாசிரியர்கள். ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. அம்மாலுமிகள் எங்கே திருப்பி இழுக்கப்படுகின்றனர்? துடுப்பு வலிக்கும் அடிமை உழைப்புக்கல்லவா? போதையைக் கண்டிக்கும் ஒழுங்கும் நீதியான ஒழுங்காக இருப்பதில்லை என்ற இக்குறிப்பு, மேடையில் போதை எதிர்ப்பு முழங்கும் நம்மவர் சிந்திக்க வேண்டிய ஒன்று.

வால்டர் பெஞ்சமின் 1927 முதல் மருத்துவ நண்பர்களின் மேற்பார்வையில் ஹஷீஷ் உண்டு குறிப்பெழுதியவர். அவரே 1929இல் எழுதிய கட்டுரையொன்றில், போதை அதிகபட்சம் ஓர் ஆரம்பப் பாடமே, அதுவும் ஆபத்தான பாடம். சிந்திப்பதே அதைவிடப் பெரிய விழிப்பு என்ற கருத்துக்கு வந்தார். 1960களின் மாணவர் கிளர்ச்சிக்கு ஆசானாக விளங்கிய ஹெர்பர்ட் மார்க்யூஸ், 1969இல் வெளியான தம் 'விடுதலை பற்றிய கட்டுரை'யில் இன்னும் நியாயமாகப் பேசுகிறார். உலகை வேறு விதமாகக் காண வேண்டும் என்ற தாகம் உண்மையானது, ஆனால் எல்.எஸ்.டி.யின் 'பயணம்' செயற்கையான, குறுகிய கால, தனிமனிதச் சொர்க்கத்தையே காட்டுகிறது என்பது அவர் கருத்து. கட்டாய இராணுவச் சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர் வட்டக்கானலின் மூடுபனியில் சில வாரங்கள் தங்கிவிட்டுத் திரும்புவதை நாம் அறிவோம். பனிக்குள் நுழைந்தவர் மாறினாலும் மாறாவிட்டாலும், அவர் விட்டு வந்த இராணுவம் அப்படியே இருக்கிறது. மார்க்யூஸின் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் கிடைக்காது.

மார்க்யூஸ் காணாத கட்டம் ஒன்றும் பின்னர் வந்தது. மயக்கம் தெரியாத அளவுக்கு எல்.எஸ்.டி.யையோ காளானையோ நுண்ணளவில் உட்கொண்டு, அலுவலகத்தில் கூடுதல் ஊக்கத்தோடு உழைக்கும் வழக்கம் அமெரிக்கக் கணினித் துறையில் பரவியது. உழைப்பிலிருந்து தப்பிக்க வந்தது இப்போது உழைப்பின் எண்ணெயாகிவிட்டது. சிலோசைபின் சிகிச்சையை ஆராயும் ஒரு நிறுவனம் 2020இல் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது.

நம் ஃபிக்ஹ் மரபு இப்பிரச்சினையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அன்று அதன் பெயர் ஹஷீஷ். குராசானைச் சேர்ந்த ஹைதர் என்ற ஷெய்கு அச்செடியைக் கண்டறிந்து தம் சீடர்களுக்கு அறிமுகம் செய்ததாக வழங்கும் கதையை வரலாற்றாசிரியர் மக்ரீஸி எடுத்தெழுதுகிறார். ஏழைத் துறவியரின் பழக்கமாகக் கருதப்பட்டது கெய்ரோவின் மேல்தட்டினரிடமும் வெட்கமின்றிப் பரவியதை அவர் கசப்போடு விவரிக்கிறார்.

மாலிக்கி அறிஞர் கராஃபி (இறப்பு ஹிஜ்ரி 684) தமது 'அல்ஃபுரூக்' நூலில் மூன்று வகைகளைப் பிரித்துக் காட்டினார். புலன்கள் இயங்கிக்கொண்டிருக்கையில் களிப்போடும் துணிவோடும் அறிவை மறைப்பது 'முஸ்கிர்'. புலன்களையும் சேர்த்து அணைப்பது 'முர்கித்'. களிப்பின்றி அறிவைக் குலைப்பது 'முஃப்ஸித்'. ஹஷீஷை அவர் மூன்றாம் வகையில் வைத்தார். ஆகவே அதற்குக் குறிக்கப்பட்ட ஹத்துத் தண்டனை இல்லை, தஃஸீர் மட்டுமே; அது நஜீஸும் அன்று; அறிவைப் பாதிக்காத சிறு அளவு தடையாகாது என்றார். இப்னு தைமிய்யா (இறப்பு ஹிஜ்ரி 728) இதை ஏற்கவில்லை. உண்பவர் களிப்பைத் தேடித்தானே உண்கிறார், ஆகவே அது முஸ்கிர். ஹத்து உண்டு என்றார். ஷாஃபிஈ அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ (இறப்பு ஹிஜ்ரி 794) இப்பொருளுக்கென்றே தனி நூல் எழுதினார். ஹராம் என்பதில் இவர்களிடையே பிளவில்லை. கருத்து வேறுபாடு முழுவதும் போதையின் இயல்பு என்ன என்பதைப் பற்றியது.

'நுண்ணளவு' உண்போரின் வாதம் கராஃபியின் மூன்றாம் வகையில் புகலிடம் தேடக்கூடும். நம் கருத்தில் அது நிற்காது. காளான் உண்டோர் தாம் அடைந்ததாகச் சொல்வது பரவசத்தையும் நிறக் காட்சிகளின் களிப்பையும்தான். எனவே கராஃபியின் அளவுகோலைக் கொண்டே அது முஸ்கிரின் பக்கம் சாய்கிறது. அதிகம் போதை தருவதன் சிறு அளவும் விலக்கப்பட்டதே என்ற நபிமொழி விதி அங்கே வந்துவிடுகிறது.

சூஃபிகளின் 'ஸுக்ர்' என்னும் மயக்கத்தைச் சான்று காட்டுவோரும் உளர். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பெயரிலேயே போதை இருக்கிறதே என்பார்கள். உண்மை, மஸ்தான் என்ற பாரசீகச் சொல் அதைத்தான் குறிக்கும். ஆனால் அது திக்ரும் பசியும் கண்விழிப்பும் பல்லாண்டுகள் கடைந்தெடுத்த நிலை, விலைக்கு வாங்கியதன்று. அவ்வாறு வந்த மயக்கத்தையும் ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்கள் இறுதி நிலையாக ஏற்காமல், 'ஸஹ்வ்' என்னும் தெளிவை அதற்கு மேல் வைத்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டார் மயக்கத்தின் பொய்யைக் காட்டினர். அதற்கு அப்பால் எய்த வேண்டிய தெளிவுக்கு அவர்களிடம் பெயரில்லை.

எஞ்சுவது மருத்துவம். வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சிலோசைபின் அளிக்க ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் இசைவளித்துள்ளது. அழுகிய உறுப்பை வெட்டுவதற்காக அறிவை நீக்கும் மருந்தை உட்கொள்வது கூடும் என்பதே சரியான கருத்தென நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். அந்த நோயாளிக்கு மயக்கம் வலியை மறைக்கும் துணை மட்டுமே. இந்தச் சிகிச்சையிலோ மயக்க அனுபவமே மருந்தின் ஒரு பகுதி என மருத்துவர் பலர் கருதுகின்றனர். நவவீ (ரஹ்) அவர்களின் வாசகம் இவ்வேறுபாட்டையும் தாங்குமா என்பதை நம் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறோம்.