முழங்கால் அளவுக் கடல்

இத்தாலியின் கிழக்குக் கரையில், ராவென்னாவுக்கும் ரிமினிக்கும் நடுவே, அட்ரியாட்டிக் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் செசெனாட்டிகோ, ஏறத்தாழ 26,000 பேர் வாழும் ஒரு மீன்பிடி ஊர். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளும் அதன் மணற்பரப்பு, கோடை பிறந்துவிட்டால், கைக்குழந்தை முதல் பாட்டி வரை மூன்று தலைமுறையும் ஒரே குடையின் கீழ் கூடியிருக்கும் குடும்பங்களால் நிறைந்துவிடுகிறது. ரோமையும் வெனிசையும் காணச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இந்த ஊரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இத்தாலியக் குடும்பங்கள் தங்கள் விடுமுறையை எப்படிக் கழிக்கின்றன என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது; ஏனெனில் இங்குள்ள கடற்கரை, இயற்கை தந்ததை அப்படியே ஏற்றுக்கொண்ட வெறும் மணல்வெளியாக இல்லாமல், குழந்தையின் உடல்நலத்தையும் விளையாட்டையும் நடுவில் வைத்து, தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக உருவாக்கப்பட்ட ஓர் ஏற்பாடாக இருக்கிறது.

இயற்கையின் பங்கும் சிறியதன்று. வட இத்தாலி முழுவதும் பாய்ந்து வரும் போ ஆறும், அப்பெனைன் மலைகளிலிருந்து இறங்கும் சிற்றாறுகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலுமே இந்தக் கரையை அமைத்தவை. அதனால் அட்ரியாட்டிக் கடலின் வடபகுதி, சராசரியாக 35 மீட்டர் அளவே ஆழமுள்ள, அடித்தளம் மிக மெதுவாகச் சரிந்து இறங்கும் கடலாக இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தை கரையிலிருந்து நெடுந்தொலைவு நடந்து சென்றாலும் நீர் அதன் முழங்காலையோ இடுப்பையோதான் எட்டுகிறது. இக்கரையின் பல பகுதிகளில் கடலுக்குள் கரைக்கு இணையாகப் பாறைகளை அடுக்கி அமைத்திருக்கும் அலைத்தடுப்புகள், மணல் அரிப்பைக் குறைப்பதோடு, உட்புறத்து நீரைக் குளம்போல அமைதியாக்கிவிடுகின்றன. நீச்சலில் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கடல் சலிப்பூட்டலாம். பெற்றோருக்கோ இதுவே பெரும் நிம்மதி.

கடல் நீராடலை முதலில் வளர்த்தது மருத்துவம்தான். அண்டை நகரான ரிமினியில் 1843-இல் முதல் கடல் நீராடல் நிலையம் திறக்கப்பட்டபோது, கடல்நீரும் கடற்காற்றும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு வசதி படைத்தவர்களே அங்கு வந்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று வாதாடியவர் ஃபுளோரன்ஸ் நகர மருத்துவர் ஜுசெப்பே பரெல்லாய். கழுத்து நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் காசநோய் வகையான கண்டமாலையால் அவதிப்பட்ட குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் முயற்சியை அவர் 1856-இல் மேற்குக் கரையிலுள்ள வியாரெஜ்ஜோவில் தொடங்கிவைத்தார். அந்தக் கடற்கரைக் காப்பகங்களின் வழித்தோன்றல்களே, இருபதாம் நூற்றாண்டில் இக்கரை நெடுகிலும் எழுந்த ‘கொலோனியே’ எனப்படும் குழந்தைகள் முகாம்கள். பாசிச ஆட்சி அவற்றைப் பிள்ளைகளை அணிவகுக்கப் பழக்கும் கூடங்களாகவும் பயன்படுத்திக்கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளை முதன்முறையாகக் கடலைக் கண்டதும் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான். அரசு எண்ணெய் நிறுவனமான அஜிப், தன் ஊழியர்களின் குழந்தைகளுக்காகக் கட்டடக் கலைஞர் ஜுசெப்பே வக்காரோவைக் கொண்டு 1938-இல் எழுப்பிய வெண்ணிற முகாம் கட்டடம் இன்றும் செசெனாட்டிகோவின் கடலோரத்தில் நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் சிறு காரும் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியபோது, முகாம்களின் இடத்தை, தாய் சமையலறையிலும் தந்தை வரவேற்பிலும் நின்று நடத்தும் சிறு விடுதிகள் பிடித்துக்கொண்டன. அறையோடு மூன்று வேளை உணவும் தரும் ‘பென்சியோனே கொம்ப்ளேத்தா’, இரண்டு வேளை மட்டும் தரும் ‘மெத்சா பென்சியோனே’ என்னும் ஏற்பாடுகள் இன்றும் அங்கே வழக்கில் உள்ளன.

மணலில் கால் வைப்பவர் முதலில் காண்பது, கோடு போட்டு நட்டதுபோல வரிசை வரிசையாக விரிந்து நிற்கும் குடைகளை. இத்தாலியின் கடற்கரை சட்டப்படி அரசின் சொத்து. அதன் பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்து, குடை, சாய்வுப் படுக்கை, உடை மாற்றும் அறை, குளியல் வசதி, சிற்றுண்டிக் கடை ஆகியவற்றை அமைத்து நடத்தும் நிலையத்துக்கு ‘ஸ்தபிலிமெந்தோ பல்னெயாரே’ என்று பெயர். பேச்சுவழக்கில் சுருக்கமாக ‘பாஞ்ஞோ’. கடலுக்கு மிக அருகிலுள்ள முதல் வரிசைக்கு வாடகை அதிகம், பின்னே போகப் போகக் குறையும். நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் குடை கிடைக்கிறது என்றாலும், பருவம் முழுவதற்கும் ஒரே குடையை எடுத்து, ஆண்டுதோறும் அதே வரிசையில் அதே இடத்துக்குத் திரும்பி வரும் குடும்பங்களே இந்தக் கரையின் முதுகெலும்பு. பக்கத்துக் குடையில் மணல்வீடு கட்டிய பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு மீண்டும் அங்கேயே சந்தித்துக்கொள்வது அங்கே வியப்பான செய்தியன்று.

பணம் கட்ட விரும்பாதவர்களுக்கும் வழி உண்டு. ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ எனப்படும் கட்டணமில்லாக் கரைப்பகுதியில் சொந்தத் துண்டையும் குடையையும் விரித்துக்கொள்ளலாம். அதோடு, அலை வந்து தொட்டுச் செல்லும் ஈர மணற்பட்டையான ‘பத்தீஜ்ஜா’வை அடைய எந்த நிலையத்தின் வழியாகவும் எவரும் கட்டணமின்றி நடந்து செல்லலாம் என்பதைச் சட்டம் உறுதி செய்கிறது; வெளிநாட்டிலிருந்து வருவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சொல் வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். இத்தாலியின் பிற பகுதிகளில் ‘பாஞ்ஞீனோ’ என்றால் உயிர்காப்பாளர். ரொமாஞ்ஞா என்னும் இந்நிலப்பகுதியிலோ, விடியற்காலையில் மணலைச் சமன் செய்து, குடைகளை விரித்து, குழந்தைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலையக்காரர்தான் பாஞ்ஞீனோ. உயிர்காப்பாளரை அங்கே ‘சல்வத்தாஜ்ஜோ’, அதாவது மீட்பு, என்றே அழைக்கிறார்கள். உயரமான காவல் மேடையில் அமர்ந்திருக்கும் அவருக்கு அருகே, இரட்டை அடிப்பகுதி கொண்ட சிவப்பு நிறத் துடுப்புப் படகு ஒன்று எந்நேரமும் நீரில் இறங்க ஆயத்தமாக இருக்கும். கம்பத்தில் வெள்ளைக் கொடி பறந்தால் காவல் பணி நடைபெறுகிறது என்றும், சிவப்புக் கொடி பறந்தால் நீராடுவது ஆபத்து அல்லது காவல் இல்லை என்றும், மஞ்சள் கொடி பறந்தால் பலத்த காற்றுக்காகக் குடைகளை மடக்க வேண்டும் என்றும் பொருள்.

எந்தக் கரை குழந்தைகளுக்கு ஏற்றது என்று சொல்வதற்கு இத்தாலியக் குழந்தை மருத்துவர்கள் 2008 முதல் ‘பச்சைக் கொடி’ என்னும் பட்டியலைத் தொகுத்து வருகிறார்கள். நீரின் தூய்மைக்கும் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கும் வழங்கப்படும், பலரும் அறிந்த ‘நீலக் கொடி’யிலிருந்து இது வேறானது. மணற்பாங்கான கரையா, நீர் மெதுவாக ஆழமாகிறதா, காவலர் உண்டா, குடைகளுக்கிடையே பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறதா, ஐஸ்கிரீம் கடை நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்றெல்லாம் அவர்கள் பார்க்கிறார்கள். மருத்துவர்கள் ஐஸ்கிரீமையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சரியான செயலே. செசெனாட்டிகோ இந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்.

கரையின் ஒரு நாள் தனக்கென ஒரு தாளம் கொண்டது. கிழக்கு நோக்கிய கரையாதலால் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. கைக்குழந்தையோடு வருபவர்கள் வெயில் ஏறுமுன் காலையிலேயே நீராடி முடித்துவிடுகிறார்கள். முற்பகலில் வாளி நிறையத் தேங்காய்க் கீற்றுகளைச் சுமந்தபடி, “கொக்கோ! கொக்கோ பெல்லோ!”, அதாவது “தேங்காய்! அருமையான தேங்காய்!” என்று கூவிச் செல்லும் விற்பனையாளரின் குரல் இத்தாலியக் கோடைக்கே அடையாளமானது. மதிய உணவுக்குப் பின் கரை அடங்கிப்போகிறது. சாப்பிட்ட பின் இரண்டு மூன்று மணி நேரம் குழந்தைகள் நீரில் இறங்கக் கூடாது என்பதில் இத்தாலியத் தாய்மார்கள் மிகக் கண்டிப்பானவர்கள். இவ்வளவு நீண்ட காத்திருப்புக்கு மருத்துவச் சான்று வலுவாக இல்லை என்றாலும், அந்த வழக்கம் குழந்தைகளுக்கு நல்கியிருக்கும் கொடை ஒன்று உண்டு. அதுதான் ‘பீல்யே’ எனப்படும் கோலிக்குண்டு விளையாட்டு.

இந்தக் குண்டு கண்ணாடியால் ஆனதன்று. உள்ளே சைக்கிள் பந்தய வீரரின் படம் தெரியும்படி, ஒரு பாதி நிறத்துடனும் மறுபாதி ஒளி ஊடுருவும்படியும் செய்த பிளாஸ்டிக் உருண்டை. பாதை போடும் முறைதான் அழகு: கூட்டத்தில் கொஞ்சம் கனமான பிள்ளையை ஈர மணலில் உட்காரவைத்து, இரு கால்களையும் பற்றி மற்றவர்கள் இழுத்துக்கொண்டே ஓட, அவன் உட்கார்ந்த தடம் வளைந்து நெளிந்து ஒரு பந்தயச் சாலையாகிவிடுகிறது. பிறகு தாத்தாமார் முட்டி போட்டு அமர்ந்து, உள்ளங்கையால் ஓரங்களைத் தட்டி உயர்த்தி, பாலமும் சுரங்கமும் திருப்பமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விரலால் சுண்டிய குண்டு பாதையை விட்டு வெளியேறினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இத்தாலியின் ஜீரோ, பிரான்சின் தூர் ஆகிய இரு பெரும் சைக்கிள் பந்தயங்களையும் 1998-இல் ஒரே ஆண்டில் வென்ற மார்க்கோ பந்தானி வளர்ந்த ஊர் இது என்பதால், அவர் படம் போட்ட குண்டுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

பசி எடுத்தால் ‘பியதீனா’ இருக்கிறது: கோதுமை மாவில் பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிமனாகத் தேய்த்து, சூடான கல்லில் சுட்டு, உள்ளே மென்மையான பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துத் தருவது. 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரொட்டியில் எந்தக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதைச் சைவ உணவினர் கேட்டு வாங்குவது நல்லது. மீன் உண்பவர்களுக்கு நெத்திலியைக் கரிநெருப்பில் சுட்டுப் பியதீனாவோடு தருகிறார்கள்.

மாலையில் குடும்பங்கள் கடற்கரையிலிருந்து ஊரின் நடுவே செல்லும் கால்வாய்த் துறைமுகத்துக்கு நகர்கின்றன. அப்போது ரொமாஞ்ஞாவை ஆண்ட செசாரே போர்ஜாவின் பணியில் இருந்த லியொனார்டோ டா வின்சி, 1502 செப்டம்பர் 6 அன்று இங்கு வந்து இந்தத் துறைமுகத்தை ஆராய்ந்து வரைந்த படம் அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கால்வாயின் நீரிலேயே இப்போது கடலோடிகள் அருங்காட்சியகத்தின் பழைய படகுகள் மிதக்கின்றன; கோடையில் அவற்றின் பாய்கள் ஏற்றப்படும்போது, காவியும் செம்மண்ணும் கலந்த நிறங்களில், பிறை, வட்டம், பட்டை என ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் உரிய அடையாளங்களைக் காணலாம். கரையில் காத்திருந்தவர்கள் திரும்பி வருவது யாருடைய படகு என்பதைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ள உதவிய எழுத்து அது. பக்கத்திலுள்ள சிறு சதுக்கத்தில், குளிர்காலப் பனியை அடைத்துவைத்துக் கோடையில் மீன் கெடாமல் காத்த செங்கல் குழிகளும் பார்க்கத் தக்கவை.

இந்தக் கடலுக்குப் பெருஞ்சோதனையும் வந்தது. போ ஆறு கொண்டுவந்த உரமும் சலவைத்தூளின் பாஸ்பேட்டும் நுண்பாசிகளைப் பெருக்கி வந்த காலத்தில், 1989 கோடையில் கடல் முழுவதும் பசைபோன்ற நுரைப்படலம் மிதக்க, பயணிகள் விலகிப் போனார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இதே ஊரைத் தளமாகக் கொண்டு, 1970-களின் இறுதியிலிருந்து கடல்நீரை ஆராய்ந்து வந்த தாஃப்னே என்னும் ஆய்வுக் கப்பலின் தரவுகள், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குத் துணை நின்றன. இன்றும் அந்த ஆய்வுப் பணி தொடர்கிறது. குழந்தை நம்பிக் கால் வைக்கும் நீருக்கு இத்தகைய காவல் அவசியமே.

குடைகளின் எதிர்காலம் குறித்தும் ஒரு வழக்கு ஓயவில்லை. குத்தகைகளைப் பொது ஏலத்தில் விட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு நெறிமுறை. தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வந்த நிலையங்கள் பெருநிறுவனங்களின் கைக்குப் போய்விடும் என்று குடும்பங்கள் அஞ்ச, பல ஒத்திவைப்புகளுக்குப் பின் 2024-இல் காலக்கெடு 2027 செப்டம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. பொதுச்சொத்தை வெளிப்படையாக ஏலம் விடுவது நியாயமே. ஆனால் விலையை மட்டும் பார்க்கும் ஏலம், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பாஞ்ஞீனோவின் இடத்தை நிரப்பாது.

செல்ல விரும்புவோர், பேரரசர் அகஸ்டஸ் காலத்து விழாவின் பெயரைச் சுமந்து வரும் ஆகஸ்ட் 15-ஆம் நாள் ‘ஃபெர்ராகோஸ்தோ’ விடுமுறையை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்து, ஜூன் மாதத்தையோ செப்டம்பரின் முதற்பாதியையோ தேர்ந்தெடுத்தால், நீரும் வெதுவெதுப்பாக இருக்கும், வாடகையும் குறையும். ஃபெராரா, ராவென்னா, ரிமினி வழி செல்லும் ரயில் பாதையில் ஊருக்குத் தனி நிலையம் உண்டு. பள்ளிகள் திறந்த சில நாள்களில் குடைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு அறைகளுக்குள் போகின்றன. குளிர்காலப் புயலலைகள் நிலையங்களை அரிக்காதிருக்க, மண்வாரி எந்திரங்கள் கரை நெடுக மணலை ஆள் உயரத்துக்கும் மேலாகக் குவித்து ஒரு நீண்ட சுவர் எழுப்புகின்றன. டிசம்பரில் கால்வாயில் மிதக்கும் அந்தப் பழைய படகுகளின் மேல், இயேசு பிறப்பைச் சித்திரிக்கும் ஆளுயர உருவங்கள் விளக்கொளியில் நிற்கின்றன. அவற்றிடையே மீனவரும் வலை தைப்பவரும் இருக்கிறார்கள்.